பதினாறடி வடிகாலில் தூண்டில்

இங்கிலாந்தின் கிழக்கே கேம்பிரிட்ஜ்ஷயர், லிங்கன்ஷயர், நார்ஃபோக் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தாழ்நிலத்தை ஃபென்ஸ் என்பார்கள். 17-ஆம் நூற்றாண்டு வரை அது பெரும்பாலும் சதுப்பு. டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸ் வெர்மியூடன் வந்து நீரை வடித்து வயலாக்கினார். அதற்காக வெட்டிய கால்வாய்களில் ஒன்று, 1651-இல் தோண்டப்பட்ட 'சிக்ஸ்டீன் ஃபுட் டிரெய்ன்', அதாவது பதினாறடி வடிகால். இன்று அதன் அகலம் பதினாறு அடிக்கும் அதிகம். சாட்டரிஸ் ஊருக்கு அருகே தொடங்கி வடகிழக்காக, ஏறக்குறைய வளைவே இல்லாமல் போகிறது. தஞ்சை டெல்டாவின் வடிகால் வாய்க்கால்களைப் போல வயல்நீரை வெளியேற்றுவதே இதன் வேலை, சாக்கடை அல்ல.

கரையில் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படும் விநோதம், வடிகால் மேலேயும் வயல் கீழேயும் இருப்பது. நீர் வடிந்ததும் கரிமண் காய்ந்து சுருங்கி, காற்றுபட்டு மட்கி, நிலமே இறங்கிவிட்டது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851 வாக்கில் தலை தரைமட்டத்தில் இருக்கும்படி நட்ட இரும்புத் தூண் இப்போது சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. ஆகவே வயல்நீரைப் பம்பு வைத்து வடிகாலுக்கு ஏற்றி, அங்கிருந்து கடலை நோக்கி அனுப்புகிறார்கள். கடைக்கோடியில் இருப்பது செயின்ட் ஜெர்மன்ஸ் பம்பு நிலையம். 2010-இல் புதிதாகக் கட்டப்பட்ட இது நொடிக்கு 100 கனமீட்டர் நீரைத் தள்ளும்.

இந்த நீரில் கிடைப்பவை 'கோர்ஸ் ஃபிஷ்'. சால்மனும் டிரவுட்டும் சீமான்களின் மீன்கள். அவை போக மிச்சமுள்ள நன்னீர் மீன்களுக்கெல்லாம் இதுவே பொதுப்பெயர். ரோச், பிரீம், டென்ச், பெர்ச், பைக் எல்லாம் இதில் அடக்கம். ஷெஃபீல்டு நகரத்து எஃகாலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக ரயிலேறி லிங்கன்ஷயர் நீர்நிலைகளுக்கு வந்த காலம் ஒன்று உண்டு. பணமில்லாதவரின் பொழுதுபோக்கு என்ற சாயல் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் இன்றைய தூண்டில் கம்பின் விலையைக் கேட்டால் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்.

நாள் விடியும் முன்பே தொடங்கிவிடும். கார்பன் இழையால் செய்த நீளக் கம்பு 11 முதல் 16 மீட்டர் வரை இருக்கும். நரம்பைச் சுற்றும் உருளை கிடையாது. கம்பின் நுனிக்குள் ஓடும் ரப்பர் இழைதான் மீனின் இழுப்பைத் தாங்கும். தக்கையை நினைத்த இடத்தில், நினைத்த ஆழத்தில் நிறுத்தி வைக்க இதைவிட நல்ல கருவி இல்லை. மீன் மாட்டியதும் கம்பைப் பின்னுக்குத் தள்ளி, துண்டு துண்டாகக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் மேலே மின்கம்பி போகும் இடத்தில் இந்தக் கம்பை எடுக்கவே கூடாது.

அமர்ந்ததும் தூண்டில் முள்ளில் சிறு குண்டைக் கோத்து இறக்கி, ஆழம் பார்ப்பது முதல் வேலை. கரையோரச் சரிவு எங்கே முடிந்து அடித்தளம் எங்கே சமமாகிறது என்று அறிந்தால்தான் இரையை எங்கே போடுவதென்று தெரியும். பிறகு ரொட்டித்தூள் கலந்த மாவு உருண்டைகளை அங்கே வீசுவார்கள். முள்ளில் குத்துவது ஈப்புழு. கடையில் அளந்து விற்கிறார்கள். சூடுபட்டால் கூட்டுப்புழுவாகிவிடும் என்பதால் வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் சண்டை வர இது போதும். தக்கையை நிமிர்த்தி நிறுத்த ஒரு காலத்தில் சிறு ஈயமணிகளைக் கோத்தார்கள். அவற்றை விழுங்கி அன்னங்கள் செத்ததால் 1987-இல் தடை வந்தது.

காலையில் பெரும்பாலும் சிறு ரோச் மீன்கள்தான். அவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் இரை தூவ வேண்டும். பிரீம் கூட்டமாக மேயும் மீன். கூட்டம் வந்து சேர மணிக்கணக்காகலாம், வராமலும் போகலாம். திடீரென்று கடி நின்றுபோனால் பக்கத்தில் வேட்டை மீன் வந்திருக்கிறது என்று பொருள். அது பைக்காக இருக்கலாம், சாண்டராகவும் இருக்கலாம். சாண்டர் இந்தப் பகுதிக்கு வந்தேறி. 1963-இல் கிரேட் ஊஸ் ஆற்றின் நிவாரணக் கால்வாயில் விட்ட 97 குஞ்சுகளிலிருந்து வடிகால்கள் முழுக்கப் பரவிவிட்டது.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது பம்புதான். எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி அது ஓடத் தொடங்கியதும், குளம்போல் கிடந்த நீர் நகரும். மெல்ல நகர்ந்தால் பிரீம் சுறுசுறுப்பாகும். வேகமெடுத்தால் தக்கையை நிறுத்தவே முடியாது. காற்றும் அப்படித்தான். ஒதுங்க மரமோ மேடோ இல்லாத சமவெளி என்பதால் பலமாக அடித்தால் நீளக் கம்பை மூட்டை கட்டிவிட்டு, நீரடியில் இரைக்கூடை தங்கும் தூண்டிலுக்கு மாற வேண்டியதுதான். குளிர்காலத்தில் ரோச் மீன்கள் இந்தத் திறந்தவெளியை விட்டு ராம்சி, மார்ச் போன்ற ஊர்களுக்குள் ஓடும் கிளைகளில் ஒதுங்கிவிடும். கெட்டிக்காரத் தூண்டில்காரர்களும் அங்கேதான் போவார்கள்.

அந்தியில் வலைப்பையில் சேர்த்த மீன்களை எடைபோட்டு, உயிரோடு நீரிலேயே விட்டுவிடுவார்கள். உண்பதற்கல்ல, பிடிப்பதற்கே பிடிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் வசிக்கும் வாசகர்கள் முயன்று பார்க்க நினைத்தால் 13 வயது நிறைந்த எவருக்கும் தூண்டில் உரிமம் வேண்டும். அந்த நீரை நிர்வகிக்கும் சங்கத்தின் அனுமதிச் சீட்டு தனி. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளிலும் வடிகால்களிலும் கோர்ஸ் மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. விலாங்கு மாட்டினால் எந்த அளவாயினும் விட்டுவிட வேண்டும். குழம்புக்கு மீன் வேண்டுமென்றால் கடைக்குப் போங்கள்.