கலகக்காரர்கள் குடிமக்களான தீவுகள்: தீவிரவாதத் தடுப்புக்கு அந்தமான் தரும் பாடம்

புது தில்லி: வன்முறையை நாடும் தீவிரவாதத்தைத் தடுக்கத் துப்பாக்கி மட்டும் போதாது; ஆட்சியில் மக்களுக்குப் பங்கும் அவர்களது குறைகளைக் கேட்கும் அமைப்புகளும் வேண்டும் என்பதைக் கடந்த 20 ஆண்டுகளில் வெளியான ஆய்வறிக்கைகள் பலவும் வலியுறுத்தி வந்துள்ளன. இதற்கு எடுத்துக்காட்டாகச் சோமாலியா, நைஜீரியா, ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. தில்லியின் நேரடி ஆளுகையில் உள்ள ஒரு யூனியன் பிரதேசத்தின் நூறாண்டு அனுபவம் இந்த விவாதங்களில் இடம்பெறுவது அரிது.

சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல்கள் அந்தமானில் கரை சேரும் இடம் ஹேடோ துறைமுகம். போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரின் ஒரு பகுதி அது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ.; சுமார் மூன்று நாள் கடற்பயணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் 3,80,581 பேர் வசிக்கின்றனர். வங்காளம் பேசுவோர் ஏறத்தாழ 28 சதவீதம், ஹிந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. மதத்தைப் பொருத்தவரை இந்துக்கள் 69, கிறிஸ்தவர்கள் 21, முஸ்லிம்கள் 8.5 சதவீதம். எந்த மொழியினருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. இவர்களில் பலருடைய முன்னோர்கள் கைதிகளாகவோ, அகதிகளாகவோ, ஒப்பந்தக் கூலிகளாகவோ வந்தவர்கள். மோதலுக்குரிய மூலப்பொருள்கள் அனைத்தும் இருந்தும், குடியேறிய சமூகங்களிடையே ஆயுதக் கிளர்ச்சி எதுவும் இங்கு வேரூன்றவில்லை. அதற்கான காரணங்கள் ஆராயத்தக்கவை.

ஆய்வுகள் கூறுவது என்ன?

வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பதற்கான செயல்திட்டத்தை அன்றைய ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் 2016 ஜனவரியில் பொதுச் சபையின் முன் வைத்தார். நல்லாட்சி இன்மை, மனித உரிமை மீறல், நெடுங்காலம் தீர்க்கப்படாத மோதல்கள், சமூகப் புறக்கணிப்பு ஆகியவை தீவிரவாதத்தின் தூண்டுகாரணிகளாக அதில் பட்டியலிடப்பட்டன.

அடுத்த ஆண்டு ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் 718 பேரிடம் நேர்காணல் நடத்தி ஓர் அறிக்கையை வெளியிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் தீவிரவாத அமைப்புகளில் தாமாகவே சேர்ந்தவர்கள். உறவினரோ நண்பரோ கொல்லப்பட்டது, கைது செய்யப்பட்டது போன்ற அரசின் நடவடிக்கைகளே தங்களை இறுதியாக ஆயுதத்தை நோக்கித் தள்ளின என்று தாமாகச் சேர்ந்தோரில் 71 சதவீதம் பேர் தெரிவித்தனர். 2023-இல் வெளியான அதன் தொடர் ஆய்வில், தாமாகச் சேர்ந்தோரில் நான்கில் ஒருவர் வேலைவாய்ப்பின்மையை முதன்மைக் காரணமாகக் கூறியிருந்தார்.

இந்தியாவிலும் இத்தகைய சிந்தனை புதிதன்று. நக்ஸல் பாதிப்புப் பகுதிகளை ஆராய டி. பந்தோபாத்யாய தலைமையில் திட்டக் கமிஷன் அமைத்த நிபுணர் குழு, நில உரிமை இழப்பையும், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டளவில் நின்றுவிட்டதையும் 2008-இல் சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், மோதல் தீர்வுக்கென்றே தனது ஏழாவது அறிக்கையை ஒதுக்கியது. 1966-இல் ஆயுதம் ஏந்திய மிஸோ தேசிய முன்னணியின் தலைவர் லால்டெங்கா, 1986 ஒப்பந்தத்துக்குப் பின் மிஸோரம் முதல்வரானது இவ்வகை அணுகுமுறையின் வெற்றிக்கு நாடறிந்த சான்று.

மலபாரிலிருந்து வந்த கைதிகள்

தெற்கு அந்தமானில் திரூர், வண்டூர், மஞ்சேரி, மன்னார்க்காடு என்று கிராமங்கள் உள்ளன. கேரளத்தின் மலப்புரம், பாலக்காடு மாவட்டங்களின் ஊர்ப் பெயர்கள் இவை. 1921 மாப்பிள்ளைக் கலகத்தில் தண்டிக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டவர்கள் தங்கள் ஊரின் நினைவாகச் சூட்டிய பெயர்கள்.

அந்தமானுக்குக் கைதிகளை அனுப்புவதை நிறுத்துவது என்று அன்றைய பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்திருந்த வேளையில்தான் மலபார் கலகம் மூண்டது. சென்னை மாகாணச் சிறைகள் நிரம்பி வழிந்ததால், கலகக்காரர்கள் மீண்டும் கப்பலேற்றப்பட்டனர். ஆனால் முன்போல் அவர்களைச் சிறைக்குள்ளேயே வைத்திராமல், நிலத்தைக் குத்தகைக்கு அளித்து, மலபாரிலிருந்து குடும்பத்தாரை வரவழைத்துக்கொள்ளவும் அனுமதி தரப்பட்டது. இது கருணையால் விளைந்த திட்டமன்று. தீவுகளில் பயிரிட ஆள்கள் தேவைப்பட்டனர். மலபாரில் கலகக்காரர்கள் திரும்பிவருவதை அரசு விரும்பவில்லை. திட்டத்துக்கு எதிர்ப்பும் எழுந்தது. எனினும், ஆயுதம் ஏந்தியவர்களின் அடுத்த தலைமுறை உழவர்களாகவும் வணிகர்களாகவும் அரசு ஊழியர்களாகவும் மாறியது.

இதற்கு நேர்மாறானது முந்தைய காலம். 1857 எழுச்சிக்குப் பின் 1858-இல் தொடங்கப்பட்ட தண்டனைக் குடியேற்றம் சாட்டையையும் தூக்குமரத்தையும் நம்பியே நடந்தது. 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி அங்கு வந்த வைஸ்ராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்னும் கைதி கத்தியால் குத்திக் கொன்றார். 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையும் அரசியல் கைதிகளின் மன உறுதியைக் குலைக்கவில்லை. 1933, 1937 உண்ணாவிரதப் போராட்டங்களுக்குப் பின் அவர்களைத் தாய்நிலத்துக்கு அனுப்ப வேண்டிய நிலை அரசுக்கு ஏற்பட்டது.

நிலமும் குடியுரிமையும்

நாட்டுப் பிரிவினைக்குப் பின், 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டனர். தொடக்க ஆண்டுகளில் வந்த குடும்பங்களுக்குத் தலா 5 ஏக்கர் நெல் விளையும் நிலமும், 5 ஏக்கர் மேட்டு நிலமும் அளிக்கப்பட்டன. இதே அகதிகளில் வேறொரு பிரிவினர் மத்திய இந்தியாவின் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டனர். வறண்ட நிலத்தில் வாழ முடியாமல் அங்கிருந்து வெளியேறிச் சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவில் குடியேறியவர்களை, 1979-இல் மேற்கு வங்க அரசு காவல்துறையை ஏவி அகற்றியது, உயிரிழப்பும் நேர்ந்தது. அந்தமானுக்கு வந்தவர்களுக்கு நிலம் முதலில் கிடைத்தது. மற்றவர்களுக்குப் போலீஸ் முதலில் வந்தது.

தமிழர்களின் கதையும் இதனுள் அடங்கும். 1948-இல் இலங்கை அரசு மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் ஒரு பகுதியினர், நிக்கோபார் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவில் ரப்பர் தோட்டப் பணிக்கென்று குடியமர்த்தப்பட்டனர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மிகக் கொடிய பாதிப்புக்குள்ளான தீவுகளுள் கச்சாலும் ஒன்று.

இலங்கையில் தங்கிவிட்டவர்களில் கடைசிப் பிரிவினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல்தான் நிறைவேறியது. வடக்கிலும் கிழக்கிலும் 1956 சிங்களம் மட்டும் சட்டம், 1970-களின் பல்கலைக்கழகத் தரப்படுத்தல், 1981 யாழ்ப்பாண நூலக எரிப்பு என்று ஒவ்வொன்றாக மனுக்களும் ஒப்பந்தங்களும் பொய்த்துப்போன பின்னரே இளைஞர்கள் பெருமளவில் ஆயுதம் ஏந்தினர் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. போர் 2009-இல் முடிந்தது. ஆனால் 2018 அக்டோபரில் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்த பின் பல ஆண்டுகள் அதற்குத் தேர்தலே நடத்தப்படவில்லை. போர் ஓய்வதும் அமைதி அமைவதும் ஒன்றல்ல என்று ஆய்வாளர்கள் கூறுவது இதனால்தான்.

அமைதியின் விலை

அந்தமானின் அமைதியைப் புகழ்வதற்கு முன் அதற்கு விலை கொடுத்தவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குடியேறியவர்களுக்கு வழங்கப்பட்ட நிலம் ஆளில்லா நிலமன்று. 1858-இல் ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள், நோய்களாலும் மோதல்களாலும் அழிந்து இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டனர்.

ஜாரவா பழங்குடியினர் நூறாண்டுக்கும் மேலாக வில்லும் அம்பும் கொண்டு தங்கள் காட்டைக் காத்தனர். அவர்களைத் தடுக்கத் தனிக் காவல் சாவடிகள் அமைக்கப்பட்டன. அந்தமான் பெருவழிச் சாலை அவர்களது காட்டின் ஊடாகவே போடப்பட்டது. மோதல் ஓய்ந்ததற்குக் காவல் சாவடிகள் காரணமல்ல. 1996-இல் கால் எலும்பு முறிந்து கிடந்த ஜாரவா சிறுவன் ஒருவனைத் தலைநகரின் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையளித்து, மீண்டும் அவனது மக்களிடமே கொண்டு சேர்த்தனர். அடுத்த ஆண்டு அக்டோபர் முதல் ஜாரவாக்கள் ஆயுதமின்றிக் காட்டிலிருந்து வெளியே வரத் தொடங்கினர்.

அந்த நம்பிக்கைக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. ஜாரவா பகுதியில் செல்லும் சாலையை மூட வேண்டும் என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பின்னரும் வாகனப் போக்குவரத்து தொடர்ந்தது. 2004 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஜாரவா கொள்கை, அவர்களது வாழ்வில் தலையிடாமையை நெறியாக ஏற்றது. 2011 கணக்கெடுப்பில் அவர்களது எண்ணிக்கை 380.

பேரவை இல்லாத பிரதேசம்

நிலமும் பள்ளியும் வேலையும் வழங்கிய தில்லி, அதிகாரத்தைப் பகிர்வதில் மட்டும் தாராளம் காட்டவில்லை. 1967 வரை அந்தமானின் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்தார். இன்றும் இந்த யூனியன் பிரதேசத்துக்குச் சட்டப்பேரவை கிடையாது. துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய உள்துறை அமைச்சகமே ஆள்கிறது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது ஒரே ஒரு மக்களவை உறுப்பினரையும், 1990-களின் நடுப்பகுதியில் உருவான ஊராட்சி அமைப்புகளையும், நகர்மன்றத்தையும்தான். நிக்கோபார் தீவுகளில் பழங்குடி மன்றங்கள் செயல்படுகின்றன.

1918 முதல் காட்டு வேலைக்கு அழைத்து வரப்பட்ட ராஞ்சித் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள், இன்றைய ஜார்க்கண்டில் தங்கள் உறவினர்களுக்கு உள்ள பழங்குடித் தகுதியைத் தங்களுக்கும் வழங்குமாறு நெடுங்காலமாகக் கோரி வருகின்றனர். காட்டைத் திருத்திய அவர்களுள் பலருக்கு, குடியேறிய மற்றவர்களைப் போல் நிலம் கிடைக்கவில்லை.

மிகப் பெரிய சோதனை கிரேட் நிக்கோபார் தீவில் எழுந்துள்ளது. சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை உள்ளடக்கிய, சுமார் ரூ.72,000 கோடி என மதிப்பிடப்பட்ட திட்டத்துக்கு 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. இதற்காக ஏறத்தாழ 130 சதுர கி.மீ. காடு ஒதுக்கப்பட்டுள்ளது. முதலில் தடையில்லாச் சான்று அளித்த பழங்குடி மன்றம், உரிய விவரங்கள் தங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்று கூறி 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. சுனாமிக்குப் பின் அரசு முகாம்களுக்கு இடம் பெயர்க்கப்பட்ட நிக்கோபாரியர்கள், மூதாதையர் வாழ்ந்த கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு வருபவர்கள். திட்டப் பகுதியில் அந்த நிலங்களும் அடங்கும் என்பது அவர்களது அச்சம்.

மலாக்கா நீரிணைக்கு அருகில் அமைந்த தீவில் நாட்டின் பாதுகாப்பு நலன் இருக்கிறது என்னும் அரசின் வாதம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் எல்லைப்புறத்தில் வாழும் மக்களின் நம்பிக்கையும் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதை நாகாலாந்து, மணிப்பூர் அனுபவங்கள் உணர்த்தியுள்ளன.

மனுவாக இருக்கும்போதே

அந்தமானின் அமைதிக்கு நல்லாட்சி ஒன்றே காரணம் எனக் கூறிவிட முடியாது. குறைந்த மக்கள்தொகை, அரசுப் பணிகளின் பெரும் பங்கு, மத்திய அரசின் தாராளமான நிதி, கைதிகளின் வழித்தோன்றல்களிடையே மதம், சாதி கடந்து நிகழ்ந்த திருமண உறவுகள், பொதுமொழியாகிவிட்ட ஹிந்துஸ்தானி ஆகியவையும் காரணங்கள். எனினும், கலகக்காரர் என முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் நிலமும் குடும்ப வாழ்வும் குடியுரிமையும் கிடைத்தபோது அவர்கள் குடிமக்களாயினர் என்பதை மறுக்க இயலாது.

நிக்கோபாரியர்களோ ராஞ்சித் தொழிலாளர் குடும்பங்களோ வன்முறையை நாடியவர்கள் அல்லர். அவர்கள் கடிதம் எழுதுகின்றனர், மனு அளிக்கின்றனர். குறை மனுவாக இருக்கும்போதே அதைக் கேட்டுத் தீர்க்கும் அமைப்பு தேவை என்பதே ஐ.நா. அறிக்கை முதல் மொய்லி ஆணையம் வரை அனைவரும் சொல்லும் செய்தி. அமைதியாக இருப்பவர்களின் மனு நிலுவையில் கிடக்க, ஆயுதம் ஏந்தியவர்களுடன் மட்டும் பேச்சு நடத்தும் அரசு, எந்த வழி பலன் தரும் என்று மக்களுக்குத் தவறாகக் கற்றுக்கொடுக்கிறது.

கைதிகளையும் அகதிகளையும் இறக்கிய கரையில் இன்று சுற்றுலாப் பயணிகளும் விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களும் இறங்குகின்றனர். அந்த மாணவர்களில் பலர், தங்கள் தீவுகளுக்கும் ஒரு சட்டப்பேரவை வேண்டும் என்ற கோரிக்கையைக் கேட்டே வளர்ந்தவர்கள். அதற்கான பதில் தில்லியில்தான் இருக்கிறது.