பவளத் தொட்டியில் ஒரு ட்ரபுள் ஷூட்டிங்

கம்ப்யூட்டர் கோளாறு என்று யார் போன் செய்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "கடைசியா என்ன சார் மாத்தினீங்க?" பாதி நேரம் விடை அங்கேயே கிடைத்துவிடும். இதே கேள்வியை என் வீட்டு மீன் தொட்டியிடம் கேட்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஏழு பவளக் கூட்டங்களில் நான்கு போய்விட்டன.

மயிலாப்பூரில் எங்கள் ஃபிளாட் ஹாலில் இருப்பது 200 லிட்டர் உப்பு நீர்த் தொட்டி. இரண்டு நீமோ மீன்கள், சில நத்தைகள், ஒரு இறால், மஷ்ரூம், பட்டன் பாலிப். கடைசி இரண்டும் பவளத்தின் உறவுக்காரர்கள்தான் என்றாலும், வளர்ப்பவர்கள் பவளம் என்றே சொல்வோம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் வேறு. அவை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பிப்ரவரியில் ஒரு மஷ்ரூம் சுருங்கியது. மார்ச்சில் பட்டன் பாலிப் ஒரு கூட்டம் மூடிக்கொண்டது. பிறகு திறக்கவே இல்லை. அம்மோனியா, நைட்ரேட், உப்பளவு எல்லாம் சரி. கடைக்காரர் லைட்டை மாற்றச் சொன்னார். மாற்றினேன். உப்பு பிராண்டையும் மாற்றினேன், அதே வாரத்தில். ரேமையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது கோளாறு என்று எப்படித் தெரியும்? வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் இந்தப் பாடம் எனக்கே மறந்துவிட்டது.

முதல் சந்தேகம்: வெப்பம்

பவளத்தின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அதன் உணவில் பெரும்பகுதி அவை தயாரிப்பதுதான். நீர் அதிகம் சூடானால் பவளம் இந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இதுதான் நடந்தது. 2016 கோடைக்குப் பின் அங்கே உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகக் குறைந்தது என்று தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டார்கள்.

நான் தெர்மாமீட்டர் பார்ப்பது இரவு எட்டு மணிக்கு, ஏ.சி. ஓடும்போது. மதியம் என்ன நடக்கிறது? ரிச்சி தெருவில் ஒரு ஆர்டுயினோ போர்டும், வாட்டர் ப்ரூஃப் டி.எஸ்.18பி20 சென்சாரும் வாங்கினேன். சென்சாருக்கு மூன்று வயர்கள். டேட்டா வயருக்கும் 5 வோல்ட் வயருக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான். ஸ்டீல் முனை உப்பு நீரில் கெட்டுவிடும் என்பதால் அதைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து இறக்கினேன். (இந்த முன்யோசனையை நினைவில் வையுங்கள்.) ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு, நாளுக்கு 288 வரிகள். எக்ஸெல்லில் லைன் சார்ட் போட்டதும் அதிர்ந்தேன். இரவில் 27 டிகிரி காட்டும் தொட்டி மதியம் மூன்று மணிக்கு 30.8.

பழைய கேபினெட்டிலிருந்து இரண்டு 12 வோல்ட் ஃபேன்களைக் கழற்றி நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி மாட்டினேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் அது மதர்போர்டு இல்லாமலே ஓடும். மஞ்சள் வயரில் 12 வோல்ட் கிடைக்கும். மதிய உச்சம் 28.6 ஆனது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால், குறையும் அளவுக்கு உப்புக் கலக்காத ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

சார்ட் அழகாக இருந்தது. மே மாதம் நான்காவது கூட்டமும் போனது. யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். முதல் மரணம் பிப்ரவரியில். பிப்ரவரியில் சென்னையில் என்ன வெப்பம்?

ஆக்ஸிஜனா? 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது, ஆக்ஸிஜன் குறைந்து பவளங்கள் செத்தன. ஆனால் அங்கே மீன்களும் செத்து மிதந்தன. என் நீமோக்களோ நன்றாகச் சாப்பிட்டுக் கொண்டிருந்தன.

சேஃப் மோடு பக்கெட்

விண்டோஸ் தகராறு செய்தால் சேஃப் மோடில் போட்டுப் பார்ப்போம் இல்லையா? அதையே செய்தேன். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் புதிதாகக் கலந்த உப்பு நீர், சின்ன பம்ப், தொட்டியில் உள்ள அதே மாதிரி லைட். தொட்டியில் மூடிக் கிடந்த பட்டன் பாலிப் ஒரு துண்டை அதில் விட்டேன். (கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. அது ஒட்டிய பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள்.)

மூன்றாம் நாள் அது திறந்தது. அதே ஹால், அதே லைட், அதே உப்பு. ஆக, கோளாறு தொட்டித் தண்ணீரில்.

அப்போதுதான் நத்தைகளைத் தேடினேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை. இறாலைப் பார்த்தும் வாரங்கள் ஆகியிருந்தன. மீன் பிழைத்து, முதுகெலும்பில்லாதவை மட்டும் சாகின்றன என்றால் முதல் சந்தேகம் தாமிரம். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போடுவார்கள். அதே அளவு நத்தை, இறால், பவளத்தைக் கொன்றுவிடும். டெஸ்ட் கிட் பூஜ்யம் காட்டியது. மிகக் குறைந்த அளவு அதற்குத் தெரியாது.

தாமிரம் எங்கிருந்து வந்தது? போனில் உள்ள தொட்டிப் படங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். ஜனவரிப் படத்தில் எல்லாப் பவளமும் விரிந்திருக்கின்றன. கண்ணாடியில் புதிதாக ஒரு பொருள்: பாசி துடைக்க நானே செய்த காந்தம்.

செத்துப்போன ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்தது அது. ஹெட்டை நகர்த்தும் கையின் இரு பக்கமும் சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தங்கள் இருக்கும். இந்த வகைக் காந்தத்தின் பளபளப்பு பெரும்பாலும் நிக்கல், தாமிரம், நிக்கல் என்ற மூன்றடுக்குப் பூச்சு. எபாக்சி பூசிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். வெளியே எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் முடி அளவு விரிசல், அதன் வழியே பழுப்புத் துரு. சென்சாருக்குக் கண்ணாடிக் குழாய் போட்ட அதே கைதான் இதையும் தண்ணீரில் போட்டது.

காந்தத்தை எடுத்துவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பனும் உலோகத்தை உறிஞ்சும் ரெசினும் ஃபில்டரில் போட்டேன். வாரம் இருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினேன். பாறையும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடும் என்பதால் அவசரப்படவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரே ஒரு நத்தையை விட்டேன். அது பிழைத்த பிறகுதான் பக்கெட்டில் இருந்த பாலிப்பைத் திரும்ப வைத்தேன். மிச்சமிருந்த மூன்று கூட்டங்களில் இரண்டு இப்போது முழுதாக விரிகின்றன.

இப்போது கண்ணாடி துடைப்பது காலாவதியான ஒரு ஏ.டி.எம். கார்டு. எக்ஸெல் ஷீட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் இன்னொரு காலம் சேர்த்திருக்கிறேன். தலைப்பு: 'கடைசியாக மாற்றியது'.