மாலி விட்டுச் சென்ற நாதம்

நெய்வேலியில் பஸ் ஏறி, அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டிக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தால், பக்கத்திலேயே திருவிடைமருதூர். மகாலிங்க சுவாமி கோயிலால் பிரசித்தி பெற்ற அவ்வூரில் 1926 நவம்பர் 6-ஆம் தேதி ஒரு குழந்தை பிறந்தது. சுவாமியின் பெயரே குழந்தைக்கும். சங்கீத உலகம் அதை ‘மாலி’ என்று சுருக்கிக் கொண்டது. (பாடி நடித்த சினிமா நட்சத்திரம் டி. ஆர். மகாலிங்கம் வேறு. இனிஷியல்கூட ஒன்றாய்ப் போயிற்று! குழலிசைத் தட்டைத் தேடுகிற நேயர்கள் சற்றுக் கவனமாயிருப்பது நலம்.)

மாமா ஜலதரங்கம் கோபாலய்யர் மற்றப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். அதைக் காதால் கேட்டே பைரவி ராக ‘விரிபோணி’ வர்ணத்தைக் குழலில் வாசித்து விட்டானாம் பையன். 1933-இல் மயிலாப்பூர் தியாகராஜ உற்சவத்தில் அரங்கேறியபோது வயது ஏழுதான்.

குழலைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள். அவர் சிஷ்யர் பல்லடம் சஞ்சீவராவ் அதைப் பரப்பினார். ஆனாலும் அந்நாளைய குழலில் ஸ்வரங்கள் தனித்தனியே துத்துக்காரத்தோடு விழும். வீணையும் குரலும் காட்டும் கமகம் மூங்கிலில் முழுமையாக வராது. மாலி விரல்களை வைக்கும் விதத்தையும் உதட்டின் பிடியையும் மாற்றினார். துளையைப் பாதி மூடிப் பாதி திறந்து, காற்றை ஏற்றி இறக்கி, குழலைப் பாட வைத்தார். இன்று கர்நாடகக் குழல் வாசிப்போரில் பெரும்பாலோர் அந்த வழியில் நடப்பவர்களே.

சரி, இவ்வளவு பெரிய வித்வானின் கச்சேரிக்குப் போனவர்கள் பாடு என்ன? சில நாள் வரவே மாட்டார். சில நாள் வந்து, சற்று வாசித்து, எழுந்து போய் விடுவார். வாசித்தாலோ, நடு நடுவே நீண்ட மௌனம். பக்கவாத்தியக்காரர்கள் காத்திருப்பார்கள், சபையும் மூச்சை அடக்கிக் காத்திருக்கும். டிக்கெட் வாங்கியவர்களின் கோபம் நியாயமானதுதான். மேதை என்பதற்காக அதை மறைத்து எழுத நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் அதே மனிதர்கள் அடுத்த கச்சேரிக்கும் வந்தார்களே, அதைத்தான் யோசிக்க வேண்டும்.

அமெரிக்க ஜாஸ் குழல் வித்வான் ஹெர்பி மன் டஜன் டஜனாக இசைத்தட்டுகள் வெளியிட்டார். பால் ஹார்ன் 1968-இல் தாஜ்மகாலுக்குள்ளேயே அமர்ந்து வாசித்து ஒலிப்பதிவு செய்தார். மாலிக்கு அந்த அக்கறை கிடையாது. கிராமபோன் தட்டுகள் உண்டு. ஆனால் மூன்று நிமிஷத் தட்டில் அந்த மௌனத்துக்கு இடமேது? முழு மாலியைக் கேட்க வேண்டுமானால் வானொலிப் பதிவுகளையும், ரஸிகர்கள் கச்சேரியில் பிடித்து வைத்த டேப்புகளையும்தான் நாட வேண்டும். அவருடைய சீடர் திருவாரூர் என். ரமணி அந்தப் பாணியை ஒழுங்கான கச்சேரிகளாலும் ஏராளமான ஒலிப்பதிவுகளாலும் உலகெங்கும் கொண்டு சென்றார்.

1986 மே 31-இல் மாலி காலமானார். நெய்வேலியைப் போன்ற ஊர்களின் குவார்ட்டர்ஸ் அலமாரிகளில் அந்நாளைய காஸெட்டுகள் இன்னும் கிடக்கலாம். நாடா பூஞ்சணம் பிடித்தால் உள்ளிருக்கும் இசையும் போச்சு. மேலே ‘குழல்’ என்று பென்சிலால் எழுதியது ஏதாவது உங்கள் வீட்டில் கிடைத்தால், பழைய பேப்பர்காரரிடம் போடுமுன் ஒரு தரம் ஓட விட்டுப் பாருங்கள். நடுவில் சத்தமே இல்லையென்று உடனே நிறுத்தி விடாதீர்கள்.