கைமாறிய தலைவர், கூண்டேறிய குடிமக்கள்

2009 ஆகஸ்ட் 5. கோலாலம்பூர், துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலுள்ள டியூன் ஹோட்டலில் கே.பி. என்கிற செல்வராசா பத்மநாதன் பிடிக்கப்பட்டார். பிரபாகரனுக்குப் பின் விடுதலைப் புலிகளின் தலைவராக அறிவிக்கப்பட்டு ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை. அடுத்து அவர் இருந்த இடம் கொழும்பு. அவரை ஒப்படைக்கலாமா என்று எந்த மலேசிய நீதிபதியும் விசாரிக்கவில்லை. பாங்காக்கில் பிடிபட்டதாக முதலில் செய்தி பரவியது, தாய்லாந்து மறுத்தது. ராஜீவ் கொலை வழக்கில் அவரைத் தேடிவந்த இந்தியா, விசாரிக்க வாய்ப்புக் கேட்டது. அவரைப் பிடித்த முறை சட்டப்படி சரியா என்ற கேள்வியை அரசுகள் தொடவில்லை.

இதற்கு மாறாக, 1999இல் குர்து தலைவர் ஓசலான் நைரோபியில் பிடிபட்டபோது, அவரைத் தூதரகத்தில் தங்கவைத்திருந்த கிரேக்கத்தின் வெளியுறவு அமைச்சரே பதவி இழந்தார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. கே.பி.யோ வழக்கே நடக்காமல் 2012இல் காவலிலிருந்து விடுபட்டார்.

ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த யாழ்ப்பாணத்தார் கந்தசுவாமி கோயில் எழுப்பிய கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு ஈழம் சொந்தபந்தம். ஆனாலும் கே.பி. பிடிபட்டபோது உரக்கப் பேச அஞ்சக் காரணம் இருந்தது. மலேசிய இந்தியர்களின் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃப் 2007 நவம்பர் 25 அன்று நடத்திய பேரணிக்குப் பின் அதன் ஐந்து தலைவர்களை இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் விசாரணையின்றி உள்ளே தள்ளியிருந்தது. அந்த இயக்கத்துக்குப் புலிகளோடு தொடர்பு என்ற சந்தேகத்தைக் காவல்துறையே கிளப்பியிருந்தது. பேரணியை ஒட்டிக் கவலை தெரிவித்த அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதிக்கு, தலையிட வேண்டாம் என்று மலேசிய அமைச்சர் நஸ்ரி அஜிஸ் பதில் தந்தார்.

கே.பி. பிடிபட்டுப் பத்தாண்டு கழித்து, 2019 அக்டோபரில், புலிகளோடு தொடர்பு என்ற அதே சந்தேகத்தின் பேரில் 12 பேர் கைதானார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் சாமிநாதனும் குணசேகரனும் அவர்களில் அடக்கம். 2012இல் இசா ஒழிந்து, அதற்குப் பதிலாக சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்திருந்தது. அதுவும் ஜாமீனை மறுத்தது. ஆனால் இம்முறை வழக்கறிஞர்கள் வாதாடினார்கள், குடும்பத்தினர் வெளிப்படையாகப் போராடினார்கள். ஜாமீன் மறுக்கும் 13ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று நவம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி முகமது நஸ்லான் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் டோமி தாமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்.

இந்த மாற்றம் பெரிது. ஆனால் அது குடியுரிமை உள்ளவரோடு நின்றுவிட்டது. 2014 மே மாதம் புலிகள் எனச் சந்தேகிக்கப்பட்டு இலங்கைக்கு அனுப்பப்பட்ட மூவரில் ஐ.நா. அகதி அட்டை வைத்திருந்தவர்களும் உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கவலை விமானத்தை நிறுத்தவில்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா இன்றுவரை கையெழுத்திடவில்லை.

புலிகளை ஏற்பவரும் எதிர்ப்பவரும் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு. ஒரு கோரிக்கையில் இருவரும் ஒன்றுபடலாம்: யாரானாலும், எல்லை தாண்டி ஒப்படைக்கப்படுமுன் ஒரு நீதிபதி அவர் பேச்சைக் கேட்க வேண்டும். சாமிநாதனுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு அகதிக்கும் சட்டப்படி கிடைக்க வேண்டும். அதைக் கேட்கும் பொறுப்பு, வாக்குரிமை உள்ள மலேசியத் தமிழர்களாகிய நம்முடையது.