மனமே நாடகமும் அதனோடு ஒருங்கு கற்கத்தக்கனவும்

கண்டி மாநகர்க்கு அணித்தாயுள்ள பேராதனைப் பல்கலைக்கழகம் ஈழத்து நாடக உலகிற்கு அளித்த பேறுகளுள் தலையாயது "மனமே" என்னும் சிங்கள நாடகம். அங்கு ஆசிரியராய் விளங்கிய எதிரிவீர சரச்சந்திர இயற்றிய இந்நாடகம் 1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் கொழும்பில் அரங்கேறியது. காதலும் வீரமும் கானகக் கற்பனையும் விரவிய இதனைத் தனித்துக் காண்போர் கதைச்சுவையைப் பெறுவர்; ஒத்த நூல்களோடு வைத்துக் கற்போர் அதன் உள்ளே உறையும் வினாவையும் உணர்வர்.

முதற்கண் கற்கவேண்டியது, இக்கதைக்கு மூலமான சுல்லதனுக்கஹ ஜாதகம். தட்சசீலத்திற் கல்வி முடித்த வில்வீரன் ஒருவன் ஆசிரியர் மகளை மணந்து ஊர் திரும்புகின்றான். வழியிற் கள்வர் எதிர்ப்படுகின்றனர். அம்புகள் தீர்ந்தபின் கள்வர் தலைவனை நிலத்தில் வீழ்த்தி, மனைவியிடம் வாளைக் கேட்கின்றான். அவளோ கள்வன்மேற் காதல்கொண்டு வாளை அவனிடம் சேர்க்கின்றாள். கணவன் மடிகின்றான், கள்வனும் அவள் அணிகளைக் கவர்ந்துகொண்டு அவளைக் கைவிடுகின்றான். குற்றம் பெண்ணினதே என்னும் தீர்ப்பில் இங்கு ஐயமில்லை.

நாடகத்திலோ கள்வனுடைய இடத்தில் வேடர் அரசன் நிற்கின்றான். தனித்து நின்று நேர்மையாகப் பொருத அவன்பால் இளவரசி இரங்குகின்றாள். அவள் தயங்கும் கணத்திலே வாள் கைமாறுகின்றது. அது காதலா, இரக்கமா, மனத்தடுமாற்றமா? நாடகம் முடிந்த விடை எதனையும் கூறவில்லை.

இவ்வினாவிற்கு விளக்கம் போன்றது குரொசாவாவின் "ரஷோமொன்" என்னும் ஜப்பானியத் திரைப்படம் (1950). அகுதாகவா 1922 இல் வெளியிட்ட சிறுகதையொன்று அதற்கு அடிப்படை. ஆங்கும் கானகமே களம். வீரனும் மனைவியும் கள்வனுமே மாந்தர். வீரன் இறந்தமை பற்றிக் கள்வன் ஒருவாறும், மனைவி பிறிதொருவாறும், இறந்தவனின் ஆவி வேறொருவாறும் உரைக்க, மெய் எதுவெனத் துணிதல் அரிதாகின்றது.

தமிழில் இவற்றோடு சேர்த்துக் கற்கத்தக்கது புதுமைப்பித்தனின் "சாபவிமோசனம்" (1943). இராமனால் மீட்கப்பெற்ற அகலிகை, சீதை தீயிற் புகநேர்ந்ததைக் கேட்டு மீண்டும் கல்லாகின்றாள். பெண்ணை விசாரிப்போரின் நேர்மையையே இக்கதை விசாரிக்கின்றது.

மனமேயின் ஆடல்பாடல் வடிவத்தை அறிய விழைவோர் நம் நாட்டுக்கூத்தையும் நோக்குவாராக. சரச்சந்திரர் கையாண்ட பழைய சிங்கள நாடக மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அதே பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் "கர்ணன் போர்", "இராவணேசன்" முதலிய கூத்துக்களை மேடையேற்றினார். ஒரு வளாகத்திலே இரு மொழியினரும் தத்தம் கிராமத்துக் கலைக்குப் புத்துயிர் அளித்தமை நாம் மறத்தற்குரியதன்று.

பெண்மனம் நிலையற்றது என ஒரு தொடரில் விடையெழுதி அமைதல் மாணவர்க்கு எளிது. ஜாதகம், நாடகம், திரைப்படம், சிறுகதை என்னும் இவ்வரிசையிற் கற்பவர்க்கு அவ்வெளிமை கைகூடாது. வாள் கைமாறிய கணத்தில் இளவரசியின் உள்ளத்தில் நிகழ்ந்ததைக் கண்டார் எவருமிலர். காணாத ஒன்றிற்குத் தீர்ப்பளிக்குமுன் சற்றே நின்று சிந்தித்தல், இந்நூல்கள் ஒருங்கே பயிற்றும் அறமாகும்.