ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு தெரு

ஜப்பானில் பள்ளி மாணவர்களின் உடையில் அவர்கள் முடிவு செய்ய அநேகமாக எதுவும் மிஞ்சுவதில்லை. பெண்களுக்குக் கடற்படைக் காலர் வைத்த மேல்சட்டையும் மடிப்புப் பாவாடையும், பையன்களுக்குக் கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட்டும் நெடுங்காலச் சீருடைகள். சாக்ஸ் என்ன நிறம், பாவாடை முழங்காலுக்கு எவ்வளவு கீழே இருக்க வேண்டும், தலைமுடி என்ன நிறத்தில் இருக்கலாம் என்பதற்கெல்லாம் பல பள்ளிகளில் விதி உண்டு. சில பள்ளிகளில் உள்ளாடையின் நிறத்துக்கும் விதி இருந்தது. போதாக்குறைக்குச் சனிக்கிழமையும் பள்ளி. வாரம் ஐந்து நாள் பள்ளி என்பது அங்கே முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2002-ல்தான். அதற்கு முன்பு வளர்ந்த மாணவர்களுக்குப் பிடித்ததை உடுத்திக்கொள்ள நிச்சயமாகக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளைக் கொண்டு அவர்கள் உருவாக்கியதை உலகத்தின் பெரிய ஃபேஷன் நகரங்கள் இன்றும் திரும்பிப் பார்க்கின்றன.

டோக்கியோவின் யமனோதே ரயில் பாதையில் ஹராஜுகு என்றொரு நிலையம். ஒரு பக்கம் மெய்ஜி பேரரசரின் ஆலயமும் அதன் அடர்ந்த காடும். மறுபக்கம் தகெஷித்தா என்னும் ஒடுக்கமான கடைத்தெரு. 1980-களிலும் 90-களிலும் ஞாயிறு காலையில் இங்கே வந்து இறங்கியவர்களில் பலர் வீட்டிலிருந்து சாதாரண உடையில் கிளம்பியவர்கள். கையில் பெரிய பை இருக்கும். வந்த இடத்தில் உடை மாற்றிக்கொள்வார்கள். மாலையில் மறுபடி பழைய உடைக்கு மாறி வீடு திரும்புவார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியாமல் போகலாம். தெரிந்தும் தெரியாததுபோல் அவர்கள் இருந்திருக்கவும் கூடும்.

ஏன் ஹராஜுகு? இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, இந்த நிலையத்தை ஒட்டிய யோயோகி பகுதியில் அமெரிக்க ராணுவக் குடும்பங்களுக்கான குடியிருப்பு இருந்தது. அவர்களை நம்பிப் பொம்மைக் கடைகளும் கலைப்பொருள் கடைகளும் முளைத்தன. வெளிநாட்டு உடை, வெளிநாட்டு இசை எல்லாம் ஜப்பானிய இளைஞர்களின் கண்ணில் பட்டது இங்கேதான். 1964 ஒலிம்பிக்ஸுக்காக அந்த நிலம் திரும்பக் கிடைத்து விளையாட்டு வீரர்களின் கிராமமானது, பிறகு பூங்காவானது. அப்புறம் 1977-ல் நகர நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பகுதியின் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, மக்களை நடக்க விட்டது. ஹராஜுகுவின் கதையில் ஃபேஷன் டிசைனர்களைவிட முக்கியமானது இந்தப் போக்குவரத்து உத்தரவு என்பது என் உறுதியான எண்ணம்.

வண்டி இல்லாத அகலமான சாலை கிடைத்ததும் பிள்ளைகள் கேசட் பிளேயர்களோடு வந்து ஆடத் தொடங்கினார்கள். 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர்களுக்கு 'தகெனோகோ கூட்டம்' என்று பெயர். தகெனோகோ என்பது அவர்கள் உடை வாங்கிய கடையின் பெயர். தொளதொளவென்ற பளீர் நிற அங்கி, கணுக்காலில் இறுக்கிய பெரிய கால்சட்டை, கழுத்து நிறைய மணிகள். வட்டமாக நின்று டிஸ்கோ பாட்டுக்கு ஒரே மாதிரி ஆடினார்கள். சுற்றி நின்று பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம். பத்திரிகைகள் முகம் சுளித்தன. ஆடியவர்களில் பெரும்பாலோர் பதின்வயது மாணவர்கள்.

இதெல்லாம் முன்கதை. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1990-களின் பிற்பாதியைப் பற்றி.

ஷோய்ச்சி ஆவோக்கி என்ற புகைப்படக்காரர் 1985 முதல் 'ஸ்ட்ரீட்' என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். லண்டன், பாரிஸ் தெருக்களில் மக்கள் என்ன உடுத்துகிறார்கள் என்பதைப் படம்பிடித்து ஜப்பானியர்களுக்குக் காட்டுவது அதன் வேலை. அந்தக் காலத்தில் டோக்கியோவில் படமெடுக்க எதுவுமில்லை என்பது பொதுவான நினைப்பு. டிசைனர்கள் ரெய் கவகுபோவும் யோஜி யமமோத்தோவும் 1981-ல் பாரிஸில் காட்டிய கறுப்பு உடைகளால் ஈர்க்கப்பட்ட இளைஞர்கள் தலை முதல் கால்வரை கறுப்பில் திரிந்தார்கள். 'காக்கைக் கூட்டம்' என்றே அவர்களை அழைத்தார்கள். எந்த டிசைனரைப் பிடிக்கிறதோ அவருடையதையே முழுதாக வாங்கி உடுத்துவதுதான் நாகரிகம். 1996-ஐ ஒட்டி ஹராஜுகுவில் வேறொன்று தென்படுவதை ஆவோக்கி கவனித்தார். பாட்டியின் கிமோனோவை மேல்சட்டையாக்கி, கீழே கிழிந்த ஜீன்ஸ். கிமோனோவின் இடுப்புப் பட்டையை எடுத்து வேறெதற்கோ கட்டியிருப்பார்கள். காலில் உயரமான செருப்பு. பழைய துணிக் கடையில் எடுத்த சட்டையோடு ஒரே ஒரு விலை உயர்ந்த ஐரோப்பிய டிசைனர் உடை. யாரைப் பார்த்தும் செய்ததல்ல. பட்டுச் சேலை நைந்துபோனால் பேத்திக்குப் பாவாடை தைக்கும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு நெருங்கிய வேலைதான்; வித்தியாசம் என்னவென்றால், இங்கே கத்தரிக்கோல் பேத்தியின் கையில் இருந்தது.

1997-ல் ஆவோக்கி 'ஃப்ரூட்ஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தெருவில் எடுத்த முழு உருவப் படம், பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு ஒருவர். ஸ்டுடியோ விளக்கு இல்லை, மாடல் இல்லை. எதிரே நிற்கிற பிள்ளை கேமராவை நேராகப் பார்க்கிறது. ஓரத்தில் சிறு குறிப்பு: பெயர், வயது, என்ன படிக்கிறார் அல்லது என்ன வேலை, கோட்டு எங்கே எடுத்தது, பாவாடை எங்கே, காலணி எங்கே. அதன் பிறகு இரண்டு கேள்விகள். இன்றைய உடையில் உங்களுக்கு முக்கியமான அம்சம் எது? இப்போது எதில் பைத்தியமாக இருக்கிறீர்கள்?

அந்தப் பத்திரிகையில் எனக்கு மிகவும் மதிப்பானவை இந்தக் குறிப்புகள்தான். படத்தை மட்டும் பார்த்தால் 'என்ன கோலம் இது' என்று தோன்றிவிடும். குறிப்பைப் படித்தால் ஒரு தேர்வு தெரியும். 'மாணவர்' என்ற சொல்லும் 'கையால் செய்தது' என்ற சொல்லும் அடிக்கடி வரும். கடையில் கிடைக்காத பொருளை வீட்டில் உட்கார்ந்து செய்தவர்கள் இவர்கள். பழைய துணிக் கடையில் எடுத்த சட்டை அளவுக்கு வராது. பிரித்துத் தைக்க வேண்டும். பொம்மையைப் பையாக்க வேண்டுமானால் முதுகைக் கிழித்து ஜிப் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பத்து நிறங்கள் ஒரே உடம்பில் வரும்போது ஒன்றையொன்று அடித்துப் போடாமல் நிற்க வேண்டுமென்றால், கண்ணாடி முன்னால் பலமுறை போட்டுப் பார்த்துக் கழற்றியிருக்க வேண்டும். தலைமுடியில் டஜன் கணக்கில் ஹேர்கிளிப், கழுத்தில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் மாலை, ஒன்றன்மேல் ஒன்றாகச் சாக்ஸ் என்று திரிந்த 'டெகோரா' பிள்ளைகளைக்கூட உற்றுப் பாருங்கள். நிறங்கள் திரும்பத் திரும்ப ஓர் ஒழுங்கில் வருவது தெரியும்.

இன்னொரு சாரார் 'லோலிதா' உடைக்காரர்கள். இந்தப் பெயரைக் கேட்டதும், இதே பெயருள்ள நாவலைப் படித்தவர்கள் நெளிவார்கள். அந்தக் கதைக்கும் இந்த உடைக்கும் உறவில்லை. கழுத்துவரை மூடிய ரவிக்கை, முழங்கால்வரை மணி வடிவில் விரிந்த பாவாடை, அதற்குள் விறைப்பான வலைத்துணியில் உள்பாவாடை, லேஸ், ஃபிரில், தலையில் ரிப்பன், கையில் குடை. உடம்பைக் காட்டுவதற்கு நேர்மாறான உடை. ஆண் பிள்ளைகளின் பார்வைக்காக அல்லாமல் தனக்காகவே அழகாக இருப்பது என்பதைத்தான் இதை உடுத்துகிறவர்கள் எப்போதும் சொல்கிறார்கள். இந்த உடைகளுக்கான கடைகளில் விலை அதிகம். ஓர் உடைக்கு இருபதாயிரம் யென், முப்பதாயிரம் யென் ஆகிவிடும். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவிக்குக் கட்டாது. 2001-ல் தொடங்கிய 'காதிக் அண்ட் லோலிதா பைபிள்' என்ற பத்திரிகை, படங்களோடு தையலுக்கான கட்டிங் படிவங்களையும் சேர்த்தே கொடுத்தது. எத்தனையோ பெண்கள் அதை விரித்து வைத்துக்கொண்டு அம்மாவின் தையல் மெஷினில் தாங்களே கற்றுக்கொண்டார்கள். சுருக்கு வைப்பது, ஃபிரிலுக்கு எவ்வளவு கூடுதல் துணி விடுவது, வளைவான காலருக்கு லேஸ் பிடிப்பது எல்லாம் எளிதான வேலைகள் அல்ல. எந்தத் தையல் ஆசிரியையிடமும் கேட்டுப் பாருங்கள்.

இதை வெறும் வேடம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஷின்ஜுகுவை ஒட்டி இருக்கும் புன்கா ஃபேஷன் கல்லூரியைக் காட்டலாம். ஆரம்பத்தில் அது பெண்களுக்கான தையல் பள்ளி. ஆண்களைச் சேர்க்கத் தொடங்கியது 1950-களின் பிற்பாதியில். அப்படிச் சேர்ந்த முதல் சில ஆண் மாணவர்களில் ஒருவர் கென்சோ தகாதா. 1965-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தவர், விலை உயர்ந்த துணி வாங்கப் பணமில்லாமல் சந்தையில் கிடைத்த மலிவுத் துணிகளைக் கலந்து தைத்தார். கோடும் பூவும் கட்டமும் ஒரே உடையில் சேரக் கூடாது என்ற விதி அவரால் போயிற்று. யோஜி யமமோத்தோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். போரில் கணவரை இழந்து தையல் கடை நடத்திய தாய்க்குத் துணையாக இருக்கலாமென்று புன்காவுக்கு வந்தார். பிற்பாடு ஜுன் தகாஹாஷி அங்கே மாணவராக இருந்தபோதே 'அண்டர்கவர்' என்ற பெயரில் உடை தைத்து விற்கத் தொடங்கினார். 1993-ல் அவரும் அதே கல்லூரியின் நீகோவும் ஹராஜுகுவின் பின்தெரு ஒன்றில் 'நோவேர்' என்ற சின்னஞ்சிறு கடையைத் திறந்தார்கள். அந்த நீகோ 2021-ல் கென்சோ நிறுவனத்தின் கலை இயக்குநராக அறிவிக்கப்பட்டார்.

பணம் இவ்விஷயத்தில் என்ன பங்கு வகித்தது என்பதும் யோசிக்க வேண்டியது. ஜப்பானின் பொருளாதாரக் குமிழி 1990-களின் தொடக்கத்தில் வெடித்தது. 'ஃப்ரூட்ஸ்' படங்களின் மிகச் சிறந்த ஆண்டுகள் அதற்குப் பிந்தைய மந்தக் காலத்தில்தான் வந்தன. முழுதாக டிசைனர் உடை வாங்க முடியாத தலைமுறை கத்தரிக்கோலை எடுத்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

முடிவு எப்படி வந்தது? 1998-ல் சாலை மறுபடி வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. சத்தம், குப்பை, நெரிசல் என்று குறைகள் குவிந்திருந்தன. பிள்ளைகள் நிலையத்தை அடுத்த ஆலயப் பாலத்துக்கு நகர்ந்து, இன்னும் சில ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். 2008-ல் எச் அண்ட் எம் என்ற மலிவு உடை நிறுவனம் ஹராஜுகுவில் கடை திறந்தது. மறு ஆண்டு ஃபாரெவர் 21. இரண்டு மணி நேரத்தில் தலை முதல் கால்வரை மலிவாக உடுத்திக்கொள்ளலாம் என்று ஆனது. அதே 2009-ல் ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் இளைஞர் ஃபேஷனுக்கென்று மூன்று தூதர்களை நியமித்தது. ஒருவர் லோலிதா உடைக்கு. அவர் மிசாக்கோ ஆவோக்கி, தொழிலால் நர்ஸ். இன்னொருவர் ஹராஜுகு பாணிக்கு. மூன்றாமவர் பள்ளிச் சீருடைக்கு! எந்தச் சீருடையிலிருந்து தப்பிக்கப் பிள்ளைகள் ரயிலேறி வந்தார்களோ, அதுவும் ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. 2011-ல் க்யாரி பாம்யு பாம்யு என்ற பாடகி, ஹராஜுகு கடைக்காரரும் கலைஞருமான செபாஸ்டியன் மசுதா அமைத்த பொம்மை மயமான அரங்கில் ஆடிப் பாடியபோது உலகமே பார்த்தது. சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். தெருவில் கேமராக்கள் அதிகமாயின, உடைகள் குறைந்தன.

2017-ல் ஷோய்ச்சி ஆவோக்கி 'ஃப்ரூட்ஸ்' இதழை நிறுத்தினார். படம் எடுக்கத் தகுந்த பிள்ளைகள் இனி இல்லை என்பது அவர் சொன்ன காரணம். 'காதிக் அண்ட் லோலிதா பைபிள்' நின்றதும் அதே ஆண்டில். மலிவுக் கடைகள்மீதும் செல்போன்மீதும் பழிபோடுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கலாம். ஆனால், விசித்திரமாக உடுத்தும் ஒரு மாணவிக்குத் தைரியத்தைவிடப் பெரிய தேவை, அதே போன்ற இன்னும் நூறு பேரோடு காசு செலவில்லாமல் நாள் முழுக்க நிற்க ஓர் இடம். அதை எடுத்துவிட்டு, பிள்ளைகளிடம் கற்பனை குறைந்துவிட்டது என்று சொல்வது நியாயமில்லை.

பள்ளிகளின் பக்கம் மட்டும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. பிறவியிலேயே பழுப்பு முடி கொண்டவள் என்று சொன்ன ஓர் ஒசாகா மாணவியை அவள் பள்ளி திரும்பத் திரும்பக் கறுப்புச் சாயம் பூசச் சொன்னது. அவள் 2017-ல் வழக்குத் தொடுத்தாள். 2021-ல் நீதிமன்றம் அவளுக்கு 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வகுப்பிலிருந்து அவள் இருக்கையையும் பெயரையும் நீக்கியது தவறு என்றது. முடி விதி செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் நாடு முழுக்கப் பேச்சு கிளம்பியது. டோக்கியோ மாநகர அரசின் பள்ளிகள் கறுப்பு முடி விதியையும் உள்ளாடை நிற விதியையும் 2022 ஏப்ரலோடு கைவிட்டன.

ஆவோக்கியின் படங்களை ஃபைடன் பதிப்பகம் 2001-ல் 'ஃப்ரூட்ஸ்' என்ற பெயரிலேயே நூலாக்கியது. உங்கள் வீட்டில், பழைய துணியைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாணவியோ மாணவனோ இருந்தால், அந்த நூலைத் தேடி வாங்கிக் கொடுங்கள். படங்களைச் சேர்ந்து பாருங்கள், ஓரக் குறிப்புகளை விடாமல் படியுங்கள். அப்புறம் ஆவோக்கி கேட்ட அந்த இரண்டு கேள்விகளையும் உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.