குழந்தையின் பாதம் எங்கே அழுந்துகிறது?

கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து பூஜையறை வரை கண்ணன் பாதம் போடுவார்கள். மடக்கிய கையை மாவில் தோய்த்துப் பதித்தால், நடுவில் இடுப்பு ஒடுங்கிய எட்டு போல அழகாக வரும். நிஜக் குழந்தையின் ஈரக்கால் அப்படிப் பதியாது. இரண்டு வயதுக் குழந்தை குளித்துவிட்டு சிமென்ட் தரையில் ஓடினால், முழுப் பாதமும் அப்பிக்கொண்டு தெரியும்.

உடனே 'தட்டைப் பாதமோ?' என்று பதற வேண்டாம். அந்த வயதில் பாதத்தின் உள்வளைவுக்கு அடியில் கொழுப்பு மெத்தை போல இருக்கும். வளைவு முழுசாக உருவாகப் பத்து வயது வரைகூட ஆகலாம். கொஞ்சம் வளர்ந்த குழந்தையைக் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். வளைவு எட்டிப்பார்த்து, வலியும் இல்லையென்றால் பெரும்பாலும் கவலையில்லை.

கவலைப்பட வேண்டிய பாதங்கள் வேறு. பிறக்கும்போதே உள்நோக்கித் திருகியிருக்கும் 'கிளப் ஃபுட்' எனும் வளைபாதம், ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் இக்னேசியோ பொன்செட்டியின் முறைதான் இன்று உலகம் முழுக்க இதற்குக் கைகொடுக்கிறது. வாரம் ஒரு மாவுக்கட்டு என ஐந்தாறு கட்டுகள். பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரில் சின்ன வெட்டு. அதன்பின் கம்பியால் இணைத்த பூட்ஸ். முதல் 3 மாதங்கள் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போது மட்டும்.

பெற்றோர் சோர்ந்துபோவது இந்த பூட்ஸில்தான். 'கால்தான் நேராயிடுச்சே' என்று அது பரணுக்குப் போய்விடுகிறது. வளைவு திரும்ப வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அப்படித் திரும்புவது தொடக்கத்தில் சட்டென்று பிடிபடாது. டாக்டர் முன் படுத்திருக்கும்போது பாதம் நேராகத்தான் இருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், நடையைக் காட்டாது. நடக்கும்போதோ பாதம் லேசாகத் திரும்பி, வெளி ஓரத்தில் விழும். அதைப் பிடிக்க உதவுவதுதான் பாத அழுத்தப் பரிசோதனை. மருத்துவத்தில் 'பீடோபாரோகிராஃபி' என்பார்கள்.

ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. நடைபாதையில் பதித்த ஒரு தட்டின் மேல் குழந்தை வெறுங்காலோடு நடந்தால் போதும். தட்டுக்குள் நெருக்கமாக உணரிகள் இருக்கும். சில தட்டுகளில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4. எங்கே, எந்த நொடியில், எவ்வளவு அழுத்தம் என்பது திரையில் வண்ணப் படமாக ஓடும். இயல்பான நடையில் அழுத்தம் குதிகாலில் தொடங்கி, வெளி ஓரம் வழியாக முன்பாதத்துக்குப் போய், கட்டைவிரலில் முடியும். வளைபாதம் திரும்புகிறது என்றால் வெளி ஓரம் சிவப்பாக எரியும். குதிகாலும் கட்டைவிரலும் மங்கலாக இருக்கும். பெருமூளை வாதத்தால் நுனிக்காலில் நடக்கும் குழந்தைக்குக் குதிகால் பதிவே ஆகாது.

குழந்தைகளிடம் இதை எடுப்பதில்தான் சாமர்த்தியம் வேண்டும். 'அந்தத் தட்டை மிதி' என்றால் எட்டி வைத்தோ, குதித்தோ மிதிக்கும். அது அதன் நடையே அல்ல. அதனால் தட்டு தெரியாதபடி பதித்து, பலமுறை நடக்கவிட்டு சராசரி பார்க்கிறார்கள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடத்தினால் எடை மாறிவிடும். எதிர்முனையில் நின்று கூப்பிடுவதே உதவி.

முன்காலின் தசைநாரை இடம் மாற்றி வைக்கும் ஆபரேஷன் தேவையா, பூட்ஸும் பயிற்சியும் போதுமா என்று முடிவெடுக்க டாக்டருக்கு இந்தப் படம் துணை நிற்கும். செய்தபின் பலன் கிடைத்ததா என்று ஒப்பிடவும் இதே படம்தான். ஆனால் துணை மட்டுமே. எலும்பு எப்படி இருக்கிறது, வலி ஏன் வருகிறது என்பதை இது சொல்லாது. குழந்தையின் எடை, வயது, நடக்கும் வேகம் எல்லாமே எண்களை மாற்றும்.

எனவே கடையில் வண்ணப் படத்தைக் காட்டி விலை உயர்ந்த செருப்பு அட்டையை நீட்டினால், வலியில்லாத சின்னக் குழந்தைக்காக அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது தினமும் போடும் பழைய செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள். எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று அவர் புரட்டிப் பார்ப்பார்.